'எக்ஸலென்தே' (மிகச் சிறப்பு) வாங்கிய 2011 ஒயினைவிட 'புவேனா' (நன்று) வாங்கிய 2013 பிடித்துப் போனது: என் நாக்கில் கோளாறா?

எப்ரோக்கரை எழுதியது:

ஸ்பெயினின் ரியோஹா ஒயின் பகுதியிலுள்ள லொக்ரோன்யோவுக்கு வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒயின் ஊரில் இருந்துகொண்டு ஒயின் தெரியாமல் இருப்பது கூச்சமாக இருந்ததால், இரண்டு ஆண்டுகளாகக் குறிப்பேடு வைத்து, கனமான சிவப்பு ஒயின்களைத் தேடிச் சுவைத்துப் பழகுகிறேன். இப்போது ஒரு சந்தேகம். அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். அந்த மாமா சொன்னதுதான் வேதம்.

சென்ற சனிக்கிழமை, ரியோஹா ஆல்தா பகுதியைச் சேர்ந்த ஒரே போதெகாவின் (ஒயின் ஆலை; பெயர் வேண்டாம்) ரெசர்வாவில், அதாவது நாள்பட முதிர்த்த ஒயினில், நான்கு அறுவடை ஆண்டுகளை வாங்கி வந்து நண்பர்கள் இருவருடன் சுவைத்தேன். 2010, 2011, 2013, 2017. விலை முறையே 38, 36, 27, 19 யூரோ. ரியோஹாவின் ஒழுங்காற்று மன்றம் இந்த அறுவடைகளுக்கெல்லாம் மதிப்பீடு தந்ததல்லவா? 2010, 2011 இரண்டும் 'எக்ஸலென்தே'. 2017 'முய் புவேனா' (மிக நன்று). 2013 வெறும் 'புவேனா'. அதாவது முதல் இரண்டும் வகுப்பில் முதல் மாணவர்கள். 2013 ஏதோ தேறியது என்ற அளவில்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாக்கு புதிதாக இருக்கும்போதே சிறந்ததைக் குடித்துவிடுவோம் என்று 2011-ஐ முதலில் திறந்தேன். மோந்தால் வெயிலில் வதங்கிய பிளம்ஸ், உலர்ந்த திராட்சை, அதற்குப் பின்னால் கொப்பரை வாசனை. வாயில் வைத்ததும் கடுக்காயைக் கடித்ததுபோல ஈறு முழுவதும் இறுகியது. விழுங்கியபின் தொண்டையில் எரிவு. லேபிளைப் பார்த்தால் 14.5 சதவீதம். குறிப்பேட்டில் 'முரடன்' என்று எழுதினேன்.

அடுத்தது 2010. அது வாயே திறக்கவில்லை. கோப்பையை எத்தனை முறை சுழற்றினாலும் பழைய மரப்பெட்டி வாசனைக்கு மேல் எதுவும் வரவில்லை. துவர்ப்பு மட்டும் நேராக வந்து நின்றது.

அதற்குள் நண்பர் காய்ந்த திராட்சைக் கொடிகளைக் கொளுத்தி ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளைச் சுட்டு எடுத்து வந்தார். சுலெத்தியாஸ் அல் சர்மியெந்தோ. இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மான்செகோ சீஸும் தட்டில் இருந்தது. அதனோடு 2013-ஐத் திறந்தோம். செர்ரி, கொஞ்சம் புகையிலை, நாக்கின் இரு ஓரத்திலும் நீர் ஊறவைக்கும் புளிப்பு. ஒரு வாய் குடித்தால் அடுத்த வாய் கேட்டது. இருபது நிமிடத்தில் பாட்டில் காலி. கடைசியாக வந்த 2017-இல் வனிலா தூக்கல், பழம் தித்திப்பு. நண்பர்களுக்குப் பிடித்தது, எனக்கு அரைக் கோப்பையில் அலுத்துவிட்டது.

ஜூலை வெக்கை. பாட்டில்கள் இரண்டு நாளாகச் சமையலறை அலமாரியில் நின்றன. இதுவும் ஒரு காரணமா என்று தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.

முதல் மாணவனைவிடக் கடைசி மாணவன் எனக்கு உயர்ந்தவனாகத் தெரிந்தால், கோளாறு என் நாக்கிலா, மதிப்பீட்டிலா? இன்னொன்று: அந்த மதிப்பீட்டை நம்பி 2011-இல் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தெரியாத கணக்கு அது. வைத்திருக்கலாமா, யாருக்காவது பரிசாகத் தள்ளிவிடலாமா?

—

பீப்பாயடி எழுதியது:

தம்பி, உங்கள் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பந்தயம் நடத்திய விதம்தான் சரியில்லை. நான் ரியோஹா ஆல்தாவின் ஆரோ நகரில் ஒரு போதெகாவின் நிலவறையில் பதினோரு ஆண்டுகளாகப் பீப்பாய் உருட்டுகிறவன். மேடையேறி ஒயினைப் பற்றிக் கவிதை சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே ஒயினைப் பீப்பாயிலிருந்து எடுத்து மாதாமாதம் வாயில் வைத்துப் பார்க்கிற வேலை என்னுடையது.

முதலில் மதிப்பீடு. அது எப்போது தரப்பட்டது என்று கவனித்தீர்களா? அறுவடைக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், புது ஒயின் மாதிரிகளைச் சுவைத்து முடிவு செய்தார்கள். உங்கள் ரெசர்வா அப்போது கடைக்கு வரவே இல்லை, பாட்டிலில்கூட ஏறியிருக்காது. ரெசர்வா என்றால் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும். அதற்குமேல் அந்த ஒரே சொல் சுமார் 65,000 ஹெக்டேர் தோட்டங்கள் அத்தனைக்கும் பொது. அட்லாண்டிக் காற்று எட்டிப் பார்க்கும் எங்கள் ஆரோவுக்கும், மத்தியதரைக் கடல் வெயில் காயும் கிழக்கில் ரியோஹா ஓரியெந்தாலுக்கும் ஒரே மதிப்பெண். மாவட்டத்தின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து ஒரு பையனுக்குப் பெண் பார்க்கலாமா?

2011 இங்கே வெயிலும் வறட்சியுமான ஆண்டு. திராட்சை நோயில்லாமல், கருப்பாக, சர்க்கரை ஏறி வந்தது. புது ஒயினாகச் சுவைத்தவர்களுக்கு நிறமும் பருமனும் கண்ணைப் பறித்திருக்கும். 2013 அதற்கு நேர் எதிர். குளிர்ந்த வசந்தம், சரியாகப் பூத்துக் காய்க்காத கொடிகள், தாமதமான அறுவடை, அதிலும் மழை. தோட்டத்தில் நின்றவர்கள் யாரும் அந்த ஆண்டைப் பாசத்தோடு நினைப்பதில்லை. அழுகல் குலைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து எறிந்தோம். ஆனால் அப்படிப் பொறுக்கி எறிந்த போதெகாக்களின் ஒயினில் ஒன்று தங்கியது: புளிப்பு. எங்கள் முக்கியத் திராட்சையான டெம்ப்ரனியோ இயல்பிலேயே புளிப்பு குறைந்த ரகம். அதற்காகத்தான் கிராசியானோ, மசுவேலோ ரகங்களையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். குளிர்ந்த ஆண்டில் அந்தப் புளிப்பு தானாகவே நிற்கும். உங்கள் வாயில் நீர் ஊறியதே, அதுதான்.

இப்போது நீங்கள் செய்த அநியாயம். ஜூலையில் சமையலறை அலமாரி என்றால் 27, 28 டிகிரி இருந்திருக்கும். அந்தச் சூட்டில் 14.5 சதவீத ஒயினில் சாராயம்தான் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறும். தொண்டை எரிவில் பாதி அதன் வேலை. 16 முதல் 18 டிகிரிக்குள் ஊற்ற வேண்டும். 'அறை வெப்பம்' என்று எழுதியிருப்பது, கணப்பு இல்லாத பழைய கல்வீட்டு அறையைப் பற்றி. குளிர்பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்தால் போதும்.

அடுத்தது, இருப்பதிலேயே துவர்ப்பு மிகுந்ததை வெறும் வாயில் முதலில் குடித்திருக்கிறீர்கள். துவர்ப்பு என்பது டானின் நம் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் வருவது. வழுவழுப்பு போய் வாய் உரசும். உடனே அடுத்த ஒயினை ஊற்றினால் அந்த உரசல் அதன் கணக்கிலும் சேரும். 2010 மேல் விழுந்த பழி அப்படி வந்ததுதான். பிறகு இறைச்சி வந்துவிட்டது, சீஸும் வந்துவிட்டது. டானின் இப்போது ஆட்டிறைச்சியின் புரதத்தோடு மல்லுக்கு நிற்கிறது, உங்கள் ஈறுகளை விட்டுவிட்டது. 2013 அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தது. இந்த ஊரில் ஏமாற்றுவதையே 'சீஸோடு கொடுப்பது' என்றுதான் சொல்வார்கள்: 'கே நோ தே லா தென் கோன் கேசோ'. மட்டமான ஒயினைக் காரமான சீஸ் கொடுத்துத் தள்ளிவிட்ட வியாபாரிகளிடமிருந்து வந்த பேச்சு என்பார்கள். உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். துப்பினீர்களா? துப்பியிருக்க மாட்டீர்கள். எனக்கும் முதல் ஆண்டில் கூச்சம்தான். நான்கு பாட்டில், மூன்று பேர். மூன்றாவது கோப்பைக்கு மேல் எழுதிய குறிப்பை நான் படிக்கவே மாட்டேன்.

திரும்பச் செய்யுங்கள். மனைவியிடம் கணக்கை ஒப்புக்கொண்டு அவர்களையே நடுவராக்குங்கள்: பாட்டில்களுக்குக் காலுறை மாட்டி எண் ஒட்டச் சொல்லுங்கள். ரொட்டியும் தண்ணீரும் தவிர மேசையில் எதுவும் வேண்டாம். 2010-ஐ ஒரு மணி நேரம் முன்பே டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். 2011-க்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள், அது காற்றைத் தாங்கும். ஒவ்வொன்றிலும் கால் கோப்பை போதும்.

வாயில் வைப்பதற்கு முன் கோப்பையை வெள்ளைத்தாளின் மேல் சாயுங்கள். நடுவே எவ்வளவு கருப்பு என்பதை விடுங்கள், கரையைப் பாருங்கள். இளம் டெம்ப்ரனியோவின் கரை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பிறகு மாணிக்கச் சிவப்பு, பிறகு மாதுளை, கடைசியில் செங்கல். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ரெசர்வாவில் மாதுளை தாண்டிச் செங்கல் எட்டிப்பார்க்கலாம். கரை பழுப்பேறித் தண்ணீராகப் பிரிந்து நின்றால் அந்த ஒயின் அந்தி நேரத்தில் இருக்கிறது. இளமையில் வாயை உரசும் டானின் வயதாக ஆக ஒன்றோடொன்று கோத்துப் பெருத்து, பாதி அடியில் மண்டியாகத் தங்கிவிடும். அதனால் 'துவர்ப்பு இருக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. அந்தத் துவர்ப்பு எப்படிப்பட்டது? பட்டுத்துணி மாதிரியா, சாக்குத்துணி மாதிரியா? பழமும் புளிப்பும் அதைத் தூக்கி நிறுத்துகின்றனவா, இல்லை பழம் கரைந்தபின் துவர்ப்பு மட்டும் எலும்பாகத் துருத்துகிறதா? நான் எழுதுவது இவ்வளவுதான். செர்ரியா பிளம்ஸா என்பதெல்லாம் பிறகு.

மிச்சமிருக்கும் 2011-ஐ யாருக்கும் தள்ளிவிட வேண்டாம். சோதனை முடிந்ததும் பாட்டில்களில் பாதியை விட்டுவைத்துத் தக்கையால் மூடி மறுநாள் குடித்துப் பாருங்கள். எது நிற்கும், எது விழும் என்று அப்போது தெரியும்.

—

துவேரோக்காரன் எழுதியது:

ரியோஹாக்காரர்கள் பேசி முடித்துவிட்டீர்களா? 'கனமான சிவப்பு' தேடுகிறவர் ஆட்டுக்குட்டியைச் சாக்காக வைத்து 2013 ரெசர்வா குடித்தால் இப்படித்தான் குழப்பம் வரும். நான் ரிபேரா தெல் துவேரோ ஒயின் பகுதியின் அராந்தா தே துவேரோவில் இருக்கிறேன். எங்கள் கொடிகள் பெரும்பாலும் 750 மீட்டருக்கு மேல், சில 900-ஐத் தாண்டி நிற்கின்றன. பகலில் வறுக்கும் வெயில், இரவில் போர்வை தேடும் குளிர். அந்தக் குளிரில் புளிப்பு தங்குகிறது, அந்த வெயிலில் தோல் தடிக்கிறது. அதே டெம்ப்ரனியோதான், இங்கே டின்டோ ஃபினோ என்போம். கனமும் புளிப்பும் ஒன்றாக வேண்டுமென்றால் ரிபேரா தெல் துவேரோ 2010 ஒன்றைத் திறந்து பாருங்கள்.

அதற்கும் மேல் முரட்டுத்தனம் வேண்டுமானால் மேற்கே டோரோவுக்குப் போங்கள். அங்கே 15 சதவீதம் சாதாரணம். மணற்பாங்கான நிலம் என்பதால் வேரைத் தாக்கும் ஃபிலோக்சரா பூச்சி பல தோட்டங்களைத் தொடவே இல்லை. ஒட்டுக்கட்டாத கிழட்டுக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ப்ரியோரத் பகுதியின் சிலேட்டுக்கல் மண்ணில் வளர்ந்த கர்னாச்சா திராட்சை வேறொரு வகைக் கனம், அதில் துவர்ப்பைவிடக் கல் வாடைதான் எனக்கு முதலில் தட்டும்.

ஆனால் பீப்பாயடி சொன்ன ஒன்றை நானும் வழிமொழிகிறேன், இங்கேயும் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2017 ஏப்ரல் இறுதியில் ஒரே இரவில் உறைபனி ரியோஹா, ரிபேரா இரண்டையும் பொசுக்கியது. விளைச்சல் சரிந்தது. அந்த ஆண்டு ஒயின் மோசம் என்று பலர் முடிவு கட்டினார்கள். பனி தின்றது எண்ணிக்கையைத்தான். தப்பிய குலைகளில் நல்ல ஒயின் செய்தவர்களும் இருக்கிறார்கள், செய்யத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பகுதியின் வேகா சிசிலியா போதெகாவில், அதன் தலைசிறந்த ஒயினான 'ஊனிகோ'வுக்குத் தகுதியில்லை என்று தோன்றிய ஆண்டில் அந்த ஒயினையே வெளியிடுவதில்லை. அந்த மாதிரிக் கையைத் தேடுங்கள், ஆண்டு அட்டவணையைக் குப்பையில் போடுங்கள்.

—

புதுக்கோப்பை எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. ரெசர்வாவே இப்படி இறுக்கிப் பிடித்தால் கிரான் ரெசர்வா இன்னும் கனமாகத்தானே இருக்கும்? பின்பக்கம் கிரான் ரெசர்வாவின் நீல முத்திரை ஒட்டிய பாட்டில் ஒன்று பரிசாக வந்தது, திறக்கப் பயமாக இருக்கிறது.

—

பீப்பாயடி எழுதியது:

பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது எதிர்மாறு. ரியோஹாவில் கிரான் ரெசர்வா குறைந்தது ஐந்து ஆண்டு காத்திருந்து வருவது. இரண்டு ஆண்டு பீப்பாயில், இரண்டு ஆண்டு பாட்டிலில். அந்தச் சொல் காலத்தைச் சொல்கிறது, பலத்தைச் சொல்லவில்லை. பீப்பாயிலிருந்து பீப்பாய்க்கு மாற்ற மாற்றக் கசடும் முரட்டுத்தனமும் கழிந்துகொண்டே வரும். முகா போதெகாவில் இன்றும் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றித் தெளிய வைக்கிறார்கள். மிச்சமிருக்கும் முரட்டு டானினை அது பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். பழைய பாணி கிரான் ரெசர்வா நிறத்தில் வெளுத்து, தோல் பையும் சுருட்டும் காய்ந்த இலையுமாக மணக்கும். கனம் தேடுகிறவருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். வாயில் இரைந்து கத்தும் ஒயின் வேண்டுமென்றால் இளையதை வாங்குங்கள்.

தக்கையை உருவியதும் ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது வயதின் வாசனை இல்லை. தக்கைக் கெடுதல். காற்றாடவிட்டாலும் போகாது. கொடுத்தவரிடம் சொல்லாமல் இருப்பது உங்கள் நல்ல குணம்.

—

எப்ரோக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கணக்கை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். 'இரண்டு பாட்டில்தானா? நான் நான்கு என்று நினைத்தேன்' என்றாள். ஒளித்த இடம் முதல் நாளே தெரிந்திருக்கிறது.

2010-உம் 2013-உம் மறுபடி வாங்கினேன். 2017-ஐ விட்டுவிட்டேன். அவளே டிகாண்டரில் ஊற்றி, பாட்டிலிலேயே திருப்பி நிரப்பி, என் சாம்பல் நிறக் காலுறைகளை மாட்டி, எண் எழுதிக் கொண்டுவந்து வைத்தாள். வெப்பமானி 17 காட்டியது. ரொட்டி, தண்ணீர், துப்ப ஒரு பூச்சாடி. முதல் முறை துப்பியபோது சட்டையில் விழுந்தது. இதற்கும் பயிற்சி வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாம் எண் காலுறையில் இருப்பது 2013 என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். செர்ரி இருந்தது, புளிப்பு இருந்தது, வாய் ஊறியது. அதன் மேல் கிராம்பும் ஈரமண்ணும், விழுங்கிய பிறகும் நெடுநேரம் போகாத ஒரு மணம். முதலிடம் கொடுத்தேன். காலுறையைக் கழற்றினால் 2010. அன்றைக்கு வாய் திறக்காத அதே ஒயின். 2013 இரண்டாமிடம், மயிரிழையில். வெள்ளைத்தாளில் அதன் கரை 2010-ஐவிடப் பழுப்பாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வயதில் மூன்றாண்டு இளையது, ஆனால் கரையில் மூத்தது. 2011 இப்போதும் மூன்றாமிடம்தான். ஆனால் எரிவு அநேகமாக இல்லை, கடுக்காயும் பாதியாகக் குறைந்திருந்தது. 'சாக்குத்துணி, ஆனால் துவைத்த சாக்கு' என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் இரவுதான் ஆச்சரியம். 2013 தளர்ந்துவிட்டது; பழம் போய்ப் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. 2010 கொஞ்சமும் அசையவில்லை. 2011-ஐ ஊற்றிய மனைவி மோந்து பார்த்துவிட்டு 'இது வேறு பாட்டிலா?' என்று கேட்டாள். பிளம்ஸின் வதங்கல் போய் நாவற்பழமும் சுருட்டும் வந்திருந்தன. முந்தைய நாள் மூன்றாமிடம் என்று எழுதிய பக்கத்தை அடிக்கவில்லை, அதன் கீழே தேதி போட்டு இதையும் எழுதினேன்.

துவேரோக்காரன் சொன்ன ரிபேரா 2010-ஐத் தேடுகிறேன். கையில் சிக்கியதெல்லாம் 60 யூரோவுக்கு மேல். அந்தக் கணக்கை நேரடியாகவே வீட்டில் கேட்கப் போகிறேன்.

2011 இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் வடக்குச் சுவரோரம் படுக்க வைத்திருக்கிறேன், அங்கேயும் 24 டிகிரி. பீப்பாயடி அண்ணன் நிலவறையில் ஒரு பாட்டிலுக்கு இடம் இருக்குமா?

—

பீப்பாயடி எழுதியது:

இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வாருங்கள், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். பாட்டிலைச் சட்டைக்குள் சுற்றி எடுத்து வாருங்கள், வெயில் படக் கூடாது. அந்தக் காலுறை வேண்டாம்.